வெள்ளமும் மகிழுந்துக் காப்புறுதியும்

மலேசியச் சாலைகளில் ஓடும் ஒவ்வொரு மகிழுந்துக்கும் காப்புறுதி இருப்பது சட்டப்படி கட்டாயமாகும். முழுமைக் காப்புறுதி எடுத்துவிட்டால் எல்லா இழப்பும் ஈடுசெய்யப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், வழக்கமான முழுமைக் காப்புறுதி விபத்து, தீ, திருட்டு ஆகியவற்றால் ஏற்படும் இழப்பையே ஈடுசெய்யும். வெள்ளம், நிலச்சரிவு போன்ற பேரிடர்களுக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தித் தனிப் பாதுகாப்பைச் சேர்க்க வேண்டும்.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் வட்டாரத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் ஏராளமான மகிழுந்துகள் மூழ்கின. மகிழுந்தினுள் நீர் புகுந்தால் இயந்திரம், மின்கம்பிகள், இருக்கைகள் அனைத்தும் பழுதடையக்கூடும். கூடுதல் பாதுகாப்பு இல்லையெனில், அச்செலவு முழுவதும் உரிமையாளரையே சேரும்.

ஆகவே, ஆண்டுதோறும் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது பத்திரத்தைக் கவனமாகப் படித்துப் பார்க்க வேண்டும். ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்னும் பழமொழி மகிழுந்து உரிமையாளர்களுக்கும் பொருந்தும்.