ஊர் இடம் கொடுத்தால் கூட்டம் வளரும்

ஓசூரில் குடியிருக்கும் ஓர் இளைஞருக்கு, பிடித்த காமிக்ஸ் பாத்திரம்போல வேடம் போட்டுக்கொண்டு அதே பித்துப் பிடித்த நாலு பேரோடு ஒரு நாளைக் கழிக்க ஆசை வந்தால், மாநில எல்லையிலுள்ள ஜூஜுவாடியைத் தாண்டித்தான் போக வேண்டும். 2011இல் டெல்லியில் தொடங்கிய காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழா, அடுத்த ஆண்டே பெங்களூருக்கு வந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் ஒயிட்ஃபீல்டில் உள்ள கண்காட்சி வளாகத்தில் நடக்கிறது. சென்னைக்கு அது வர 2024 பிப்ரவரி ஆயிற்று. எல்லையின் இந்தப் பக்கமோ, 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் புறப்பட்ட ஊர். அசோக் லேலண்டும் டைட்டனும் வேர்விட்ட ஊர். இன்று டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்காக வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் ஊர். வேலைக்கு ஆயிரக்கணக்கில் இளைஞர்களை வரவழைக்கும் ஊர், அவர்களுடைய விடுமுறை நாளைப் பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பிவிடுகிறது. இது மாற வேண்டும், மாற்றவும் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஒரு பழைய எஃகு நகரம் சாட்சி. அந்தச் சாட்சியம் வருவது ஃபர்ரிகள் எனப்படும் விலங்கு வேட ரசிகர்களிடமிருந்து என்பதுதான் சற்று வேடிக்கை.

மனிதரைப்போலப் பேசி, நடந்து, உடையணியும் விலங்குப் பாத்திரங்கள்மேல் பற்றுள்ளவர்கள் ஃபர்ரிகள். அறிவியல் புனைகதை மாநாடுகளின் ஓரத்தில், ஓட்டல் அறைகளில் ஓவியங்களைப் பரப்பிவைத்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள், 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் தங்களுக்கென்று ஒரு மாநாட்டை ஒத்திகை பார்த்தார்கள். கான்ஃபரன்ஸ் என்ற அந்த மாநாட்டுக்கு வந்தவர்கள் 65 பேர். பத்தாண்டில் அது ஆயிரத்தைத் தாண்டியது. பிறகு சரிந்து 2003இல் நின்றே போனது. ஆந்த்ரோகான் என்ற இன்னொரு ஃபர்ரி மாநாடு 1997இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் சுமார் 500 பேரோடு பிறந்து, பின்னர் ஃபிலடெல்ஃபியா வட்டாரத்தில் சில காலம் அலைந்து, 2006இல் முன்பு சொன்ன எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கில் போய் ஊன்றிக்கொண்டது. அந்த ஆண்டு ஏறத்தாழ 2,500 பேர். 2019இல் 9,000க்கு மேல். கொரோனாவால் இரண்டு ஆண்டு நின்று, மீண்டும் கூடியபின் 2023இல் 13,000ஐத் தாண்டியது. இரண்டுக்கும் ரசிகர்கள் ஏறக்குறைய ஒரே வகையினர்தான். பிழைத்தது ஒன்று, மறைந்தது ஒன்று என்றால் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

பிட்ஸ்பர்க்கில் லிபர்ட்டி அவென்யூவில் ஃபெர்னாண்டோஸ் என்றொரு சிறிய உணவகம் இருந்தது. மாநாட்டு வாரத்தில் அது தன் பெயர்ப்பலகையையே ‘ஃபர்னாண்டோஸ்’ என்று மாற்றிக்கொள்ளும். முகத்தை முழுக்க மூடிய ரோமத் தலையோடு வருகிறவர் தம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாது என்பதால் நீண்ட உறிஞ்சுகுழாய்களை எடுத்து வைப்பார்கள். அந்தக் கடை கடனில் மூழ்கவிருந்தபோது ரசிகர்கள் இணையத்தில் உண்டியல் குலுக்கி 20,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். ஆண்டில் நாலு நாள் வந்துபோகிறவர்கள் ஒரு கடையைத் தங்கள் கடையாக நினைக்கும் அளவுக்கு அந்த ஊர் நடந்துகொண்டிருக்கிறது. வேட ஊர்வலம் அரங்குக்குள் மட்டும் நடந்த காலம் போய், தெருவோரம் குழந்தைகளோடு நின்று ஊர்க்காரர்கள் பார்க்கும் விழாவாகியது. அதே இடம், அதே பருவம், முன்கூட்டியே தெரிந்த தேதி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விதிகள். ஆந்த்ரோகான் வளர்ந்ததற்கு இவையே முதற்காரணம் என்பது என் கணிப்பு. கூட்டத்தைச் சேர்ப்பது ரசனை. அதை ஆண்டுக்காண்டு நிலைக்கவைப்பது ஊர்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, பிட்ஸ்பர்க்கின் நிலை வேறு என்பது. எஃகு ஆலைகள் எண்பதுகளில் மூடி, மாநாடுகளையும் சுற்றுலாவையும் நம்ப வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. ஓசூருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சரியான வாதம்தான், பாதி மட்டும். ஓசூருக்கு ஓட்டல் வருமானம் அவசரமில்லை. ஆனால் ஷிப்டு முடிந்தால் அறை, அறை விட்டால் ஷிப்டு என்று வாழ்கிறவர்கள் இந்த ஊரைத் தங்கள் ஊராக உணர ஏதாவது வேண்டாமா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் கலந்து பேசும் ஊரில், ஒரு வார்த்தை பேசாமலே எல்லோரும் சேரக்கூடியது வேடம். 2019இல் மாநகராட்சி ஆனதும், 2024இல் சட்டமன்றத்தில் பன்னாட்டு விமான நிலையம் அறிவிக்கப்பட்டதும் ஊரின் அளவைச் சொல்கின்றன. அளவு மட்டும் பெருத்தால் போதாது.

இரண்டாவது மறுப்பு ஒழுக்கம் பற்றியது. ஃபர்ரி என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் அமெரிக்காவிலும் உண்டு. 2003இல் சிஎஸ்ஐ என்ற தொலைக்காட்சித் தொடர் அவர்களை விகாரமாகக் காட்டியது அந்தச் சுளிப்பை ஊதிப் பெருக்கியது. நெருப்பில்லாமல் புகையில்லை என்பார்கள். கான்ஃபரன்ஸ் மாநாட்டில் வயதுவந்தோருக்கான சமாச்சாரங்கள் தூக்கலாக இருப்பதாகப் பெயர் பரவியதும் அதன் சரிவுக்கு ஒரு காரணம். ஆனால் ஆந்த்ரோகானின் தலைவர் சாமுவேல் கான்வே, வேதியியல் அறிஞர், 1999 முதல் அதை நடத்திவருபவர், இதற்குக் கண்ட மருந்து மாநாட்டை மூடுவதல்ல. பொது இடத்தில் எப்படி நடந்துகொள்வது, ஊடகங்களிடம் யார் பேசுவது என்று வரம்பு கட்டினார். கூட்டத்தில் பெரும்பாலோரிடம் முழு வேடமே கிடையாது என்பதும் கவனிக்க வேண்டியது. அவர்கள் வரைகிறவர்கள், தைக்கிறவர்கள், கதை எழுதுகிறவர்கள். அவப்பெயரைக் களைந்தது தடை அல்ல, நடத்தை விதிதான்.

மூன்றாவது மறுப்பைக் காவல்துறை சொல்லும்: கூட்டம் என்றால் தலைவலி. 2023 பிப்ரவரி 2ஆம் தேதி ஓசூரை அடுத்த கோபசந்திரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எருது விடும் விழாவுக்கு அனுமதி கிடைப்பதில் இழுபறி; கூடியிருந்தவர்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள்; கல்வீச்சு நடந்தது; வாகனங்கள் மணிக்கணக்கில் நின்றன. எருதின் கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்க வந்த இளைஞர்கள் கல்லை எடுத்தது தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சம்பவம் என் வாதத்துக்கு எதிரான சான்றல்ல, சாதகமானது. விழா நாளன்று காலையிலும் அனுமதி உண்டா இல்லையா என்று தெரியாமல் ஆயிரக்கணக்கானவர்களை நிறுத்தினால் எந்த விழாவும் அப்படித்தான் முடியும். அதே மாவட்டத்தில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி பல ஆண்டுகளாக மாம்பழப் பருவத்தில், மாவட்ட நிர்வாகமே முன்னின்று நடத்த, வாரக்கணக்கில் நடக்கிறது. மக்கள் அதே மாவட்ட மக்கள்தான்.

எஞ்சியிருப்பது, இதெல்லாம் வெள்ளைக்காரப் பைத்தியம், நம் கலைக்கே நாதியில்லை என்ற குரல். அதில் ஆதங்கம் நியாயமானது, முடிவு தவறானது. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் செய்யத் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. ஃபர்ரி வேடத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வெட்டிய ஃபோம், செயற்கை ரோமம், வியர்வை தாங்காமல் தலைக்குள் பொருத்திய குட்டி மின்விசிறி. காருக்கு சீட் கவர் தைக்கும் ஊருக்கு இதில் எதுவும் புதிதல்ல. கூத்துக் கலைஞருக்கு ஆண்டில் ஒருமுறை புதிய வாடிக்கையாளர்களும், கேம் விளையாடும் பிள்ளைக்குப் பழைய கைவேலையும் ஒரே கூடாரத்தில் கிடைத்தால் யாருக்கு நட்டம்? சென்னை வெயிலில் ரோமச் சட்டை தண்டனை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், குட்டி இங்கிலாந்து என்று பெயர் வாங்கிய ஊரில் டிசம்பர் மாதத்தில் அது சுகம்.

ஓசூரில் புத்தகத் திருவிழா நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். மாநகராட்சியும் தொழிற்சங்கங்களும் ஆலை நிர்வாகங்களும் டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறை வேடத் திருவிழாவுக்கென்று ஒதுக்கட்டும். மைதானம் எது, நேரம் என்ன, விதிகள் யாவை என்பதை ஆறு மாதம் முன்பே அறிவிக்கட்டும். விடுதிகளிலிருந்து வந்துபோக நிறுவனங்கள் பேருந்து விடட்டும். முதல் ஆண்டு 65 பேர் வந்தாலும், அடுத்த ஆண்டும் அதே மைதானத்தை அவர்களுக்கே கொடுங்கள்.