எல்லா மூளையும் ஒரே மாதிரி இயங்குவதில்லை

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த என் பாட்டி, பால்மரம் வெட்டும் ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். விடியற்காலைப் பெரட்டில் எல்லாரும் கூடி நின்று பேசும்போது அவர் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பாராம். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டாராம். ஆனால் அவர் வெட்டும் மரத்தில் ஒரு காயம் இருக்காது. கங்காணி அவருக்கு ஒதுக்குப்புறமான கடைசி நிரையைக் கொடுத்தார். பெரட்டில் நிற்காமல் நேரே மரத்துக்குப் போகவும் விட்டுவிட்டார். 'ஒரு மாதிரியான ஆளு, ஆனா நல்ல வேலைக்காரன்' என்பது பாட்டியின் தீர்ப்பு.

அவருக்கு என்ன இருந்தது என்று இன்று நாம் சொல்ல முடியாது. மருத்துவர் பார்க்காத ஒருவருக்கு நாமாகப் பெயர் வைப்பதும் சரியல்ல. (வகுப்பில் நண்பர்களுக்கு அப்படிப் பெயர் வைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!) ஆனால் அந்தக் கங்காணி செய்தது என்னவென்று சொல்ல முடியும். ஆளை மாற்ற முயலாமல் வேலையிடத்தை மாற்றினார்.

ஆட்டிசம், ஏடிஎச்டி எனப்படும் கவனச் சிதறல், வாசிப்பைக் கடினமாக்கும் டிஸ்லெக்சியா ஆகியவற்றை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவை காய்ச்சலைப் போல வந்து போகும் நோய்கள் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடுகள். 1990-களின் பிற்பகுதியில் இவற்றைக் குறிக்க 'நரம்பியல் பன்மை' என்ற கருத்து பரவத் தொடங்கியது. காட்டில் பலவகை உயிர்கள் இருப்பதுபோல மனித மூளையிலும் பலவகை உண்டு என்பது அதன் பொருள். அதற்காகச் சிரமமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இவர்களில் சிலருக்கு வாழ்நாள் முழுதும் உதவி தேவைப்படும். வேறு சிலர் பட்டம் பெற்று அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகுதான் திணறத் தொடங்குகிறார்கள்.

ஏன் திணறுகிறார்கள்? ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டிப்பால் நாற்றம் வெளியூர்க்காரருக்கு மூக்கைத் துளைக்கும். அங்கேயே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. திரும்பத் திரும்ப வரும் தூண்டலை, ஆபத்தில்லை என்று கண்டதும், மூளை புறக்கணிக்கத் தொடங்கிவிடுகிறது. அறிவியலில் இதைப் 'பழகிப்போதல்' என்கிறோம். ஆட்டிசம் உள்ள சிலரிடம் இந்தப் பழகிப்போதல் மெதுவாகவே நடக்கிறது என்று மூளைப் படங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் மறைந்துபோகும் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் அவர்களுக்கு மாலை ஐந்து மணி வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

பழைய குழல் விளக்கையும் பாருங்கள். நம் நாட்டு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். மின்னோட்டம் ஒரு சுற்றில் இருமுறை உச்சத்தைத் தொடுவதால், பழைய வகைச் சோக் பொருத்திய விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். நம்மில் பெரும்பாலோர் அதை உணர்வதில்லை. ஆனால் அந்த விளக்கின் கீழ் தலைவலி வருகிறது, அதன் ரீங்காரம் தாங்க முடியவில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. விளக்கை மாற்றினால், அல்லது மேசையைச் சன்னல் பக்கம் நகர்த்தினால் போதும். செலவு ஒரு மதிய உணவுக் காசுதான்.

அடுத்தது கட்டளைகள். 'அந்த பைலை முடிச்சிட்டு, ரெண்டு பேருக்கு போன் பண்ணிட்டு, நேரம் இருந்தா போன வாரக் கணக்கையும் பாரு' என்று மேலாளர் நடந்துகொண்டே சொல்கிறார். கேட்டதைக் கொஞ்ச நேரம் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் இடத்துக்குச் செயல் நினைவகம் என்று பெயர். அது எல்லாருக்குமே சிறியதுதான். ஏடிஎச்டி உள்ள பலருக்கு இன்னும் எளிதில் சிந்திவிடும். தவிர, 'நேரம் இருந்தா' என்றால் செய்ய வேண்டுமா, வேண்டாமா? சொல்லுக்குச் சொல் பொருள் கொள்பவருக்கு அது விடுகதை. எழுதிக் கொடுத்தால் இரண்டு சிக்கலும் தீரும். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு மட்டும் நேர்மாறு: நீண்ட கடிதத்தைக் கணினி வாசித்துக் காட்டினால் அவர் வேகமாக வேலை செய்வார்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது நேர்முகத் தேர்வின் மேல்தான். என் முன்னாள் மாணவர் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு. எண்களில் கெட்டிக்காரர். எஸ்.பி.எம். முடித்துக் கணக்கியலில் டிப்ளோமாவும் பெற்றார். வரிசையாக நான்கு நேர்முகத் தேர்வுகளில் தோற்றார். ஓரிடத்தில் 'கண்ணைப் பார்த்துப் பேசத் தெரியவில்லை' என்று நேராகவே சொல்லிவிட்டார்களாம். கணக்கு எழுதுபவர் பார்க்க வேண்டியது கணக்கையல்லவா?

டென்மார்க்கில் தோர்கில் சொன்னே என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான அவர், 2004-இல் ஸ்பெஷலிஸ்டெர்ன என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே வேலை தேடி வந்தவர்களிடம் கேள்விகளை அடுக்குவதற்குப் பதிலாக லெகோ கட்டைகளைக் கொடுத்துச் செய்ய வைத்துத் திறமையைப் பார்த்தார்கள். பின்னர் எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மானிய மென்பொருள் நிறுவனம் பெங்களூருவில் ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதனைப் பணியில் அமர்த்திப் பார்த்து, 2013-இல் அதை உலக அளவில் விரிவாக்கியது. நம் நாட்டில் கமுடா கட்டுமான நிறுவனம் அதே 2013-இல் இத்தகையவர்களை வேலைக்குச் சேர்க்கத் தொடங்கியது. 2017-இல் அதன் அறவாரியம் தொடங்கிய எனேபிளிங் அகாடமி, ஆட்டிசம் உள்ள இளைஞர்களை மூன்று மாதம் பயிற்றுவித்து வேலைக்கு அனுப்புகிறது. உடன் வேலை செய்யப்போகிறவர்களுக்கும் அங்கே விளக்கம் தருகிறார்கள்.

சக ஊழியர்களுக்கு எதற்கு விளக்கம்? 'ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பேசிப் புரியவைக்கத் தெரியாது' என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதிக்க, நீங்கள் விளையாடும் காதோடு காது ரகசிய விளையாட்டைப் போன்ற ஒன்றைச் செய்தார்கள். எட்டுப் பேர் கொண்ட வரிசையில் ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். 2020-இல் வெளிவந்த முடிவின்படி, ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் நின்ற வரிசையிலும் மற்றவர்கள் மட்டும் நின்ற வரிசையிலும் கதை ஏறக்குறைய ஒரே அளவு தேறியது. இரு சாராரும் கலந்த வரிசையில்தான் அதிகம் தொலைந்தது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 72 பேர்தான். 2025-இல் 311 பேரோடு மறுபடி செய்தபோது கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. பெரிய ஆய்வு சிறிய ஆய்வைத் திருத்துவது அறிவியலில் வழக்கம். இரண்டு ஆய்விலுமே ஆட்டிசம் உள்ளவர்களின் வரிசை தோற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனிச் சட்டம். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிவு 29-இல், வேலை பெறும் உரிமையைச் சொல்கிறது. மறுக்கும் முதலாளிக்குத் தண்டனை என்ன என்று தேடினால் அதில் கிடைக்காது. இது பலரும் சுட்டிக்காட்டிய குறை. சமூக நலத்துறையின் ஓகேயூ அட்டைக்கு ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா மூன்றும் 'கற்றல் சிக்கல்' பிரிவில் வரும். பதிவது அவரவர் விருப்பம். அட்டை இருந்தால் சலுகை உண்டு. அதைக் காட்டினால் வேலை கிடைக்காமல் போகுமோ என்ற பயமும் உண்டு. உங்களில் யாராவது இந்தத் தயக்கத்தில் இருந்தால், முதலில் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள். தேசிய ஆட்டிசம் சங்கமான நாசோமுக்கு ஈப்போவிலும் மையம் இருக்கிறது.

அந்த மாணவர் ஐந்தாவது இடத்தில் அட்டையைக் காட்டினார். ஈப்போவில் ஒரு சிறிய கணக்காய்வு அலுவலகம் அது. உரிமையாளர் அம்மா கேள்வி எதுவும் கேட்காமல், பிழைகள் நிறைந்த ஒரு பழைய பேரேட்டைக் கொடுத்துத் திருத்தச் சொன்னாராம். இப்போது அவர் மேசை நகலெடுக்கும் இயந்திரத்திலிருந்து எட்டத்தில் இருக்கிறது. காலை எட்டரைக்கு அன்றைய வேலைப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். இரண்டு மாதம் கழித்து, மற்ற இரண்டு கிராணிகளும் தங்களுக்கும் அதே மாதிரி பட்டியல் வேண்டும் என்று கேட்டார்களாம்.