கேன்டர்பரிக்குப் புறப்பட்டவர்கள்

ஜெஃப்ரி சாசர், ‘கேன்டர்பரி கதைகள்’, 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி

லண்டனை அடுத்த சதர்க்கில் டாபர்ட் என்ற சத்திரம். 1170-இல் கேன்டர்பரி பேராலயத்தில் கொல்லப்பட்ட புனித தாமஸ் பெக்கெட்டின் கல்லறையைத் தரிசிக்கச் செல்வோர் ஏப்ரல் மாதத்தில் இங்கே கூடுகிறார்கள். வீதியில் ஒதுங்கிப் போகும் பல தரத்தாரையும் ஒரே வழிப்பயணத்தில் சேர்த்துவிடுகிறார் சாசர்.

முன்னுரையில் முதலிடம் போர்வீரப் பிரபுவுக்கு. பல போர்கள் கண்டவர். ஆனால் அவர் அங்கியில் இரும்புக் கவசத்தின் துருக்கறை. கன்னியர் மடத் தலைவியின் கையில் பவள ஜெபமாலை, அதில் தங்கப் பதக்கம். அவரது செல்ல நாய்களுக்கு வறுத்த இறைச்சியும் பாலும். மடத்துத் துறவிக்கோ வேட்டையில்தான் நாட்டம். பாவமன்னிப்புச் சீட்டு விற்பவர் பன்றி எலும்பைப் புனிதச் சின்னம் என்று காட்டிக் காசு பார்க்கிறார். ஐந்து முறை மணந்த பாத் நகரத்துப் பெண்மணி சிவப்புக் காலுறையில் வருகிறாள். மாவு மில்காரனின் மூக்கில் ஒரு மரு, அதில் செம்மயிர்க் கொத்து.

குறை சொல்லாமல் சாசர் வரைந்தவர்கள் வெகு சிலரே. அவர்களில் இருவர், ஏழைப் பங்குத்தந்தையும் எரு சுமக்கும் அவருடைய உழவர் சகோதரரும்.

மது வணிகரின் மகனான சாசர் லண்டன் துறைமுகச் சுங்கத்தில் பணியாற்றியவர், அரசவையையும் அறிந்தவர். இந்த யாத்திரிகர்களைச் சிறு ஓவியங்களாகக் காட்டும் எல்லெஸ்மியர் கையெழுத்துப்படி, இன்று கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் உள்ளது. அதில் உள்ள 23 உருவங்களில் ஒன்று சாசருடையது.