லேப்டாப்பில் ஓடுது... ஊரே வந்தா தாங்குமா?

உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டு பற்றி ஒரு வெப்சைட் செய்திருக்கீங்க. லேப்டாப்பில் சூப்பரா ஓடுது. அப்படியே வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்டுடலாமா? கொஞ்சம் பொறுங்க!

ஜாங்கோ, ஃப்ளாஸ்க், பிஹெச்பி மூன்றிலும் கூடவே வரும் சர்வர், நாமே சோதித்துப் பார்க்க மட்டும்தான். பிஹெச்பி-யில் அது வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். ஒருவருக்குப் பக்கம் திறக்கத் தாமதமானால், பின்னால் வரும் எல்லோரும் காத்திருக்கணும். பாதுகாப்புக்கும் உத்தரவாதம் இல்லை.

பொதுவில் விடும்போது முன்னால் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சியை நிறுத்துங்க. படங்களைக் கொடுப்பது, ஹெச்டிடிபிஎஸ் எல்லாம் அது பார்த்துக்கும். பைத்தான் கோடை ஓட்ட, பின்னால் குனிகார்ன் போதும்.

ஆனா, ஜாவா ஸ்பிரிங் பூட்டுக்குள் வரும் டாம்கேட் நிஜப் பயன்பாட்டுக்கே தாங்கும். சர்வர் உள்ளேயே இருப்பது தப்பில்லை. எதுக்காகச் செய்தாங்கன்னு பார்த்து முடிவு பண்ணுங்க!