நத்தை வரையும் வெள்ளிக் கோடு

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் தோட்டத்துச் சுவரில் வெள்ளிக் கம்பி போல ஒரு கோடு மின்னும். இரவில் அவ்வழியே ஒரு நத்தை ஊர்ந்து சென்றது என்பதற்கு அதுவே சாட்சி. நாம் முகம் சுளிக்கும் அந்தக் கோழையைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வோமா?

நத்தையும், அதன் உறவினமான ஓடற்ற நத்தையும் மெல்லுடலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்தவை. வயிற்றுப் பக்கமே காலாக அமைந்திருப்பதால் இவை வயிற்றுக்காலிகள் எனப்படும். வாய்க்குச் சற்றுக் கீழே, பாதத்தின் முன்முனையில் பாதச் சுரப்பி திறக்கிறது. அதிலிருந்து வரும் கோழை பாதத்தின் அடியில் கம்பளம் போல விரிகிறது. இதுவன்றித் தோல் முழுவதும் நுண்ணிய கோழைச் சுரப்பிகள் பரவி, உடலை ஈரமாக வைத்துள்ளன. கோழையில் பெரும்பகுதி தண்ணீரே. சர்க்கரை இணைந்த புரதங்கள் அதற்குப் பிசுபிசுப்பைத் தருகின்றன.

ஒற்றைக் கால் கொண்ட பிராணி செங்குத்தான சுவரில் ஏறுவது எங்ஙனம்? 1980-ஆம் ஆண்டில் மார்க் டென்னி என்னும் அறிஞர், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும், வாழைப்பழம் போன்ற தோற்றமுடைய ஓடற்ற நத்தையை ஆராய்ந்து இதை விளக்கினார். பாதத்தின் தசைகள் அலை அலையாகச் சுருங்குகின்றன. அலை நகரும் இடத்தில் விசை மிகுவதால் கோழை இளகித் திரவமாகிறது. பாதம் முன்னே நழுவுகிறது. அலைகளுக்கு இடையே அசையாத இடத்தில் அதே கோழை இறுகிப் பிடித்துக்கொள்கிறது. ஒரே பொருள் எண்ணெயாகவும் கோந்தாகவும் உதவுகிறது!

ஊர்வதற்காகும் சக்தியில் பெரும்பகுதி கோழையை உண்டாக்கவே செலவாகிறது என்றும் அவர் கண்டார். வறட்சிக் காலத்தில் நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயிலைக் கோழையால் மூடுகிறது. அது காய்ந்து மெல்லிய கதவாகி, உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது. 2017-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ஒருவகை ஓடற்ற நத்தையின் தற்காப்புக் கோழையை முன்மாதிரியாகக் கொண்டு, இரத்தம் படிந்த திசுக்களிலும் ஒட்டும் பசையை உருவாக்கினர்.

நத்தை மீது உப்பைத் தூவி, அது நுரைத்துச் சுருங்குவதை வேடிக்கை பார்ப்போர் உண்டு. உப்பு, சவ்வூடு பரவலால் உடலின் நீரை வெளியே இழுக்கிறது. தன்னைக் காக்க நத்தை மேலும் மேலும் கோழையைச் சுரக்கிறது; முடிவில் நீர் வற்றி மடிகிறது. செடிகளைக் காக்க வேண்டுமாயின், கையுறை அணிந்து பொறுக்கி அகற்றலாம். சில நத்தைகளில் நோய் தரும் புழுக்கள் இருப்பதால், பின்பு கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

இத்தனை சிறிய உயிருக்கும் இத்துணை நுட்பத்தை அளித்தவர் இறைவன். அவர் கைவேலையை ஒரு பிடி உப்பால் அழிக்க நமக்கு மனம் வருமா, தோழியரே?