கம்ப்யூட்டர் ஃபேன் 'கரகர'னு சத்தம் போடுதா? புதுசு வாங்கும் முன் இதைக் கவனிங்க!

டெஸ்க்டாப்பை ஆன் செய்ததும் மிக்ஸி ஓடுவது போல சத்தம் வருகிறதா? "பழசாகிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். ஃபேன் நின்றுபோனால் உள்ளே சூடு ஏறும். பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டர் தானாகவே ஆஃப் ஆகிவிடும்.

முதலில் தூசி தட்டுங்க

பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பிறகும் 'கரகர' நிற்கவில்லையா? பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபேனை மாற்றிவிடலாம்.

சைஸ்

பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று கிடைக்கும். அதே காற்றுக்குச் சின்ன ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், சத்தமும் கூடும். கேபினெட்டில் இடம் இருந்தால் 80 மி.மீ.க்குப் பதில் 120 அல்லது 140 மி.மீ. நல்லது.

பேரிங்

ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான். 'ஸ்லீவ்' விலை குறைவு. ஆனால் சூட்டிலும், படுக்கைவசமாக மாட்டினாலும் சீக்கிரம் தேயும். 'பால் பேரிங்' சூட்டைத் தாங்கும்; கொஞ்சம் சத்தம் வரும். 'ஃப்ளூயிட் டைனமிக்' வகையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தண்டைத் தாங்குவதால் சத்தமும் குறைவு, ஆயுளும் அதிகம். விலை சற்று கூடும்.

4 பின்னா, 3 பின்னா?

4 பின் இருந்தால் பி.டபிள்யூ.எம். வசதி உண்டு. சூட்டுக்கு ஏற்ப வேகத்தை மதர்போர்டு நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும். பயாஸில் ஃபேன் செட்டிங்கை மாற்றினாலே பாதி பிரச்னை தீரலாம்.

மணிக்கணக்கைப் பார்த்து ஏமாறாதீங்க

பெட்டியில் '1,50,000 மணி நேரம்' என்று இருக்கும். இடைவிடாமல் ஓடினால் அது சுமார் 17 ஆண்டு. ஆனால் அது சராசரிக் கணக்கு; நீங்கள் வாங்கும் ஃபேனுக்கான உத்தரவாதம் அல்ல. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனமே அப்படியொரு கணக்கைச் சொல்லி, வாரண்டி தருவது 6 ஆண்டுக்குத்தான். எனவே வாரண்டியைப் பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு நல்ல ஃபேனாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. வெயில் காலத்தில் கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், காற்று வெளியேற இடம் விடுங்கள்.