மூச்சுக் காற்றின் கணக்கு

வங்கக் கடலோரத்தில், அரசலாறு கடலில் கலக்கும் முகத்தில், நிலப்பக்கமெல்லாம் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாவட்டமாகும். வயலும் மீன்பிடிப்பும் இதன் பழைய அடையாளங்கள். நாகூரை ஒட்டிய தென்கோடியிலோ, 2009ஆம் ஆண்டு முதல் நிலக்கரி முதலிய சரக்குகளைக் கையாண்டுவரும் துறைமுகமும், 32.5 மெகாவாட் திறன்கொண்ட எரிவாயு மின்நிலையமும், மேலவாஞ்சூரில் காஸ்டிக் சோடா, எத்திலீன் டைகுளோரைடு ஆகியவற்றைத் தயாரிக்கும் கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலையும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்துள்ளன. இத்தகைய பணியிடங்களில் ஒரு தொழிலாளி தம் வேலை நேரத்தில் எதை, எவ்வளவு சுவாசிக்கிறார் என்பதை அளந்து, அது சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று கூறுவது, அரசுப் பணியில் உள்ள வேதிப் பொறியாளரின் பொறுப்பாகும்.

ஒரு வேதிப்பொருளுக்கு ஒருவரின் உடல் எவ்வளவு செறிவில், எவ்வளவு நேரம் உள்ளாகிறது என்பதே அவர் அதற்கு ‘ஆட்படும் அளவு’ எனப்படுகிறது. மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் புகைபோக்கியிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் வெளியேறுவதைக் கணக்கிடுகிறது. தொழிற்சாலை ஆய்வுத் துறையோ மதில் சுவருக்கு உள்ளே, வேலை செய்பவரின் மூக்கருகில் உள்ள காற்றைக் கணக்கிடுகிறது. புகைபோக்கி சொல்வது ஆலையைப் பற்றிய செய்தி. மூக்கருகே எடுக்கப்படும் அளவோ ஒரு மனிதரைப் பற்றிய செய்தி என்பதால், ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இருவருக்குக்கூட அது வேறுபடும்.

இந்தப் பணிக்குத் தெளிவான சட்ட வடிவம் தந்தது போபால் துயரமாகும். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் அங்குள்ள ஆலையிலிருந்து கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதைத் தொடர்ந்து, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987-ல் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில்களுக்கெனத் தனி அத்தியாயம் ஒன்று சேர்க்கப்பட்டது. காற்றில் ஒவ்வொரு வேதிப்பொருளும் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று கூறும் இரண்டாம் அட்டவணையும் இடம்பெற்றது. அதன்படி எட்டு மணி நேரச் சராசரியாகக் குளோரின் 1 பி.பி.எம்., அம்மோனியா 25 பி.பி.எம். வரை அனுமதிக்கப்பட்டன. பி.பி.எம். என்பது பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வைப்பதற்கென நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இத்தகைய வரம்புகளுக்கு இடமுண்டு.

அளவெடுக்கும் முறை எளிமையானதாகத் தோன்றினாலும் மிகுந்த கவனத்தைக் கோருவது. கைக்கு அடக்கமான, மின்கலத்தால் இயங்கும் ஒரு சிறு பம்ப் தொழிலாளியின் இடுப்பு வாரில் மாட்டப்படுகிறது. அதிலிருந்து முதுகு வழியே மேலேறும் மெல்லிய குழாயின் முனையில், சிறுமணிகளாக்கிய கரி அடைத்த, விரல் நீளமுள்ள கண்ணாடிக் குழல் சட்டைக் காலரில் கிளிப்பால் பொருத்தப்படுகிறது. மூக்கைச் சுற்றி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரையுள்ள இடமே ‘சுவாச மண்டலம்’ என்பதால் குழல் அங்குதான் இருக்க வேண்டும். அவர் வால்வைத் திருப்பும்போதும், டேங்கர் லாரியில் குழாயை இணைக்கும்போதும், தேநீர் குடிக்கச் செல்லும்போதும் அவரோடே செல்லும் அந்தக் குழலின் கரியில் படிந்த ஆவி, பின்னர் ஆய்வகத்தில் கரைப்பானால் பிரித்தெடுக்கப்பட்டு, வாயு நிறப்பிரிகைக் கருவியில் அளக்கப்படுகிறது. நிலக்கரித் தூசு என்றால் கரிக்குழலுக்குப் பதிலாக, முன்பே எடை போட்டு வைத்த வடிதாள் பொருத்தப்படும். நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடிய நுண்தூசை மட்டும் பிரித்தெடுக்கச் சுழல் பிரிப்பான் ஒன்றும் உடன் சேரும்.

கிடைத்த எண்களைக் கொண்டு கணக்கிடுவது அடுத்த படி. எடுத்துக்காட்டாக, எத்திலீன் டைகுளோரைடுக்கு எட்டு மணி நேர வரம்பு 10 பி.பி.எம். எனக் கொள்வோம். டேங்கர் நிரப்பும் இடத்தில் இரண்டு மணி நேரம் 20 பி.பி.எம். எத்திலீன் டைகுளோரைடும், மற்ற ஆறு மணி நேரம் 4 பி.பி.எம். அளவும் ஒருவர் சுவாசித்தால், 40-ஐயும் 24-ஐயும் கூட்டி எட்டால் வகுக்க, அவருடைய சராசரி 8 பி.பி.எம். ஆகிறது, இது வரம்புக்கு உட்பட்டதே. ஆனால் 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவருக்கு உடலில் சேர்ந்ததை வெளியேற்றக் கிடைக்கும் ஓய்வு குறைவு. அதனால் 1975-ல் பிரீஃப், ஸ்காலா என்ற ஆய்வாளர்கள் வகுத்த கணக்கின்படி அவருக்குரிய வரம்பு பாதியாக, அதாவது 5 பி.பி.எம். ஆகக் குறைகிறது. எனவே ஒருவருக்குப் பாதுகாப்பாக அமைந்த அதே 8 பி.பி.எம்., மற்றொருவருக்குக் கூடுதலாகிவிடுகிறது.

வாசனையை நம்பி இருந்துவிடலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. எத்திலீன் டைகுளோரைடின் இனிய மணம், வரம்பைத் தாண்டிய பின்பே பலருக்குத் தெரியவருகிறது. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்பைடோ ஏறத்தாழ 100 பி.பி.எம். அளவில் மோப்ப உணர்வையே மரக்கச் செய்து, ஆபத்து நீங்கிவிட்டது போன்ற பொய்த்தோற்றத்தை உண்டாக்குகிறது. கருவியை எங்கே வைப்பது என்பதிலும் அறிவு தேவைப்படுகிறது. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமான குளோரின் தரையையும் பள்ளத்தையும் தேடிச் செல்லும். மீன்பிடித் தொழிலுக்குத் துணைநிற்கும் ஐஸ் ஃபேக்டரிகளில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயுவோ, காற்றைவிட இலேசானதாகையால் கூரையை நோக்கி எழும். பகலில் கடலிலிருந்தும் இரவில் நிலத்திலிருந்தும் காற்று வீசும் இக்கரையில், காலை ஷிப்டில் மட்டும் அளந்து முடிவு சொன்னால் அது பாதி உண்மையாகவே நிற்கும்.

வரம்பு மீறல் தெரிந்தால், முகக்கவசம் அணியச் சொல்வதோடு நிறுத்திவிடுவது பொறியியல் ஆகாது. சித்திரை, வைகாசி மாதங்களின் கடலோரப் புழுக்கத்தில், வியர்வையில் நனைந்து முகத்தில் நழுவும் ரப்பர் கவசத்தை எட்டு மணி நேரமும் அணிந்திருப்பது எவருக்கும் இயலாது. ஆபத்தான பொருளையே மாற்றுவது முதல் வழி, கசியும் இடத்தை மூடுவதும் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவதும் அடுத்த வழி, வேலை நேரத்தைப் பகிர்ந்தளிப்பது அதற்கும் அடுத்தது, கவசம் கடைசி என்பதே தொழில் சுகாதாரத்தின் வரிசைமுறை. முதல் வழிக்குச் சான்று புதுச்சேரியிலேயே உண்டு. உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் பெறும் தொழிலில் முன்பு பாதரசம் பயன்பட்டு வந்தது; 1985-ல் காலாப்பட்டில் கெம்ஃபேப் ஆல்கலிஸ் நிறுவனம் அதற்கு மாற்றான சவ்வு முறையை இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டுவந்தது. இல்லாத பாதரசத்திலிருந்து தொழிலாளியைக் காக்க எந்தக் கவசமும் வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லாப் பணியிடங்களையும் எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மின்விசையோடு பத்துப் பேராவது, மின்விசையின்றி இருபது பேராவது வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்று பொதுவாகக் கொண்டதால், ஏழெட்டுப் பேரோடு நடக்கும் சிறு பட்டறைகள் அளவெடுப்பவரின் பார்வைக்கு எளிதில் வராமல் போயின. வேதியியல் ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை. பாதுகாப்பு மட்டும் அதைப் பார்ப்பது நியாயமாகாது.

1987ஆம் ஆண்டுத் திருத்தம் வேலையின் அபாயங்களைத் தொழிலாளிக்கு அறிவிக்க வேண்டும் என்றும், தம் உடல்நலப் பதிவுகளை அவர் பார்க்க வழி செய்ய வேண்டும் என்றும் நிர்வாகத்தைக் கடமைப்படுத்தியது. பம்பை இடுப்பில் சுமந்து நாள் முழுவதும் நடந்த தொழிலாளிக்கு அன்று தாம் சுவாசித்தது எத்தனை பி.பி.எம்., வரம்பு எத்தனை, இனி என்ன மாற்றப்படும் என்பவை அவர் படிக்கும் தமிழில் சொல்லப்பட வேண்டும். கோப்பில் மட்டும் தங்கும் எண் யாருடைய நுரையீரலையும் காப்பதில்லை. யாருடைய மூச்சிலிருந்து அது எடுக்கப்பட்டதோ அவர் கைக்கு அது வந்து சேரும்போதுதான் அரசுப் பொறியாளரின் வேலை நிறைவு பெறுகிறது.